குடல் தந்தி, வெளிவளைந்த வில்: பாரோக் செல்லோவும் பாக்கின் ஆறு தொகுப்புகளும்

பாரோக் செல்லோ என்பது, சுமார் 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசையை அந்தக் காலத்துக் கருவியமைப்பிலேயே வாசிப்பதற்காக இன்று புதிதாகச் செய்யப்படும், அல்லது பழைய நிலைக்குத் திருப்பப்படும் செல்லோ. எட்ட நின்று பார்த்தால் இப்போதைய செல்லோவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. அதே நான்கு தந்திகள், அதே இடுப்பொடுங்கிய உடல், பஞ்சமம் பஞ்சமமாக ஏறும் அதே சுருதியமைப்பு. அருகில் போனால்தான் வேறுபாடுகள் கண்ணில் படும். தரையில் ஊன்றும் உலோகக் கம்பி இல்லை. வாசிப்பவர் கருவியைக் கெண்டைக்கால்களுக்கு இடையே தாங்கிப் பிடிக்கிறார். தந்திகள் எஃகால் ஆனவை அல்ல, ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்தவை. கழுத்து பின்பக்கம் அதிகம் சாயவில்லை. விரல் பலகை குட்டை. உடலுக்குள் மேல்பலகையின் அடியில் ஒட்டப்பட்ட மரச்சட்டம் மெலிது. வில்லின் தண்டு முடியை நோக்கி உள்வளையாமல், லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது. தனித்தனியே பார்த்தால் எல்லாம் சிறிய மாற்றங்கள். ஒன்றுசேர்ந்தால் வாசிப்பின் இலக்கணமே மாறிவிடுகிறது. எந்தச் சுரம் அழுந்த வேண்டும், எது ஒதுங்க வேண்டும், இசை எங்கே மூச்சுவிட வேண்டும் என்பவற்றில் பாதியைக் கருவியே சொல்லிவிடுகிறது. யோகான் செபாஸ்தியன் பாக் எழுதிய ஆறு செல்லோ தொகுப்புகளை இந்தக் கருவியில் வாசிக்கும்போது இது மிகத் தெளிவாகப் புலப்படும்.

வயலின் குடும்பம் 16ஆம் நூற்றாண்டில் வடக்கு இத்தாலியில் உருவானது. அதன் மந்தரக் குரலாக இருந்த கருவிகளுக்கு நெடுங்காலம் நிலையான அளவும் இல்லை, பெயரும் இல்லை. கிரெமோனா நகரத்து ஆந்திரேயா அமாட்டி செய்த ‘அரசர்’ செல்லோ, எஞ்சியுள்ள மிகப் பழைய செல்லோக்களில் ஒன்று. இப்போது அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், வெர்மிலியன் நகரின் தேசிய இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் சார்லஸின் சின்னங்கள் தீட்டப்பட்ட அதன் உடல், பிற்காலத்தில் வெட்டிச் சிறிதாக்கப்பட்டது. அது ஏன் பெரிதாக இருந்தது, ஏன் வெட்டப்பட்டது என்ற இரு கேள்விகளுக்கும் விடை தந்தியில் இருக்கிறது.

தந்தியைத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கவைக்க மூன்று வழிகள் உண்டு: நீளத்தைக் கூட்டலாம், எடையைக் கூட்டலாம், இழுவிசையைத் தளர்த்தலாம். வெறும் குடலைத் தடிமனாக்கி எடை கூட்டினால் அது கயிறுபோல் விறைத்து, ஒலி மங்கிப்போகும். தளர்த்தினால் தந்தி வில்லுக்குக் கட்டுப்படாது. எனவே நீளமே கைகொடுத்தது. நீளத்துக்குப் பெரிய உடல் தேவைப்பட்டது. குடல் தந்தியின் மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றும் நுட்பம் 1660 வாக்கில் பரவியபோது நிலைமை மாறியது. விறைப்புக் கூடாமலேயே எடை கூடியது. குட்டையான தந்தியும் ஆழ்ந்த மந்தரத்தில் தெளிவாகப் பேசியது. இடது கை எட்டும் தூரத்துக்குள் கருவி அடங்கியது. பின்னணியில் மந்தரம் பிடித்துக்கொண்டிருந்த கருவி தனியாகப் பேசத் தொடங்கியதற்கு இந்தக் கம்பிச் சுற்றே வழிவகுத்தது என்று ஸ்டீபன் போன்டா என்ற இசை ஆய்வாளர் வாதிட்டார். காலவரிசை அவர் வாதத்துக்கு நன்றாகவே துணைநிற்கிறது. ‘வயலோன்செல்லோ’ என்ற சொல் அச்சேறியது 1665இல், போலோனியாவைச் சேர்ந்த அரெஸ்தியின் சொனாட்டாத் தொகுதியில். அதே போலோனியாவில் 1687இல் ஜோவான்னி பட்டிஸ்டா தெலி அந்தோனியின் ரிச்செர்க்காத்தா என்ற செல்லோ இசைத்துண்டுகள் வெளிவந்தன. சான் பெட்ரோனியோ தேவாலயத்தின் செல்லோ கலைஞர் தொமெனிக்கோ கப்ரியெல்லி 1689இல் துணையின்றித் தனித்து வாசிக்கும் ரிச்செர்க்கார்களை எழுதினார். பாக்கின் தொகுப்புகள் பிறக்க இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

உடல் அளவில் கடைசி வார்த்தையைச் சொன்னவர் அந்தோனியோ ஸ்த்ராடிவாரி. 1707 வாக்கில் அவர் வகுத்த ‘பி’ அச்சில் உடலின் நீளம் சுமார் 75 முதல் 76 சென்டிமீட்டர். அதற்கு முன் அவரே செய்த பெரிய செல்லோக்கள் ஏறத்தாழ 79, 80 சென்டிமீட்டர். பிற்காலம் சிறிய அளவையே ஏற்றுக்கொண்டது. ஆனால் உடல் நிலைபெற்ற பிறகும் மற்றப் பகுதிகள் மாறிக்கொண்டே வந்தன. 1800ஐ ஒட்டி, பெரிய அரங்குகளுக்கும் உயரும் சுருதிக்கும் ஈடுகொடுக்க, பழைய கருவிகளின் கழுத்துகள் கழற்றப்பட்டு நீண்ட, பின்சாய்ந்த கழுத்துகள் பொருத்தப்பட்டன. உட்சட்டம் தடித்தது, தந்திகளைத் தாங்கும் குதிரை உயர்ந்தது. இந்த மாற்றத்துக்குத் தப்பிய கருவிகள் மிக அரிது. ஃபிளாரன்ஸ் நகரின் அக்காதெமியா காட்சியகத்தில் ஸ்த்ராடிவாரி 1690இல் செய்த ஒரு பெரிய வியோலா ஏறத்தாழ முதலில் இருந்தபடியே இருக்கிறது. வயலின் குடும்பத்துக் கருவிகளை மீட்டமைப்போர் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் சான்று அது. கிரெமோனாவின் வயலின் அருங்காட்சியகத்தில் உள்ள ஸ்த்ராடிவாரி பட்டறையின் அச்சுகளும் காகித வார்ப்புகளும் இன்னொரு சான்று. எனவே இன்றைய பாரோக் செல்லோ எவ்வளவு பழைமையாகத் தோன்றினாலும், அதன் உள்ளமைப்பில் பெரும்பகுதி ஆராய்ந்து ஊகித்துக் கட்டியது.

குடல் தந்தியில் வில்லை வைக்கும்போது முதலில் தெரிவது அதன் தயக்கம். எஃகுத் தந்தி தொட்டவுடன் ஒலிக்கும். குடல் தந்தியில் ஒலி பிறக்க ஒரு கணம் பிடிக்கும், அந்தக் கணத்தில் மெல்லிய உராய்வொலி ஒன்று கேட்கும். குடல் அதிர்வைத் தனக்குள் அதிகம் உறிஞ்சிக்கொள்வதால் மேல்தொனிகள் விரைவில் அடங்கிவிடுகின்றன. நாதம் இருண்டும், சற்றுக் கரகரப்பாகவும், பேச்சுக்குரலை ஒத்தும் இருக்கும். அழுத்தத்தைக் கூட்டிச் சத்தம் பெருக்க முயன்றால் தந்தி சட்டென்று நொறுங்கிய ஒலி தரும். அழுத்தத்துக்குப் பதிலாக வில்லின் வேகத்தைக் கூட்டினால் திறந்த ஒலி கிடைக்கும். எஃகில் பழகிய கலைஞர் முதலில் விடவேண்டிய பழக்கம் இந்த அழுத்தம்தான். ஈரப்பதம் மாறினால் குடல் தந்தியின் சுருதி நகரும், இழைகள் பிரியும், அறுந்தும் போகும். கச்சேரியின் நடுவே பலமுறை சுருதி சேர்ப்பது இந்த மரபில் குறையாகக் கருதப்படுவதில்லை. பெரும்பாலோர் மேலிரண்டு தந்திகளை வெறுங்குடலாகவும், கீழிரண்டை வெள்ளிக் கம்பி அல்லது செம்புக் கம்பி சுற்றிய குடலாகவும் வைத்துக்கொள்கிறார்கள்.

தந்தியைவிட வில்லின் பங்கு பெரிது. இன்றைய வில் பிரான்சுவா சேவியர் தூர்த் 1780களில் பாரிஸில் நிலைப்படுத்திய வடிவம்: உள்வளைந்த தண்டு, உயர்ந்த கனமான நுனி, அடி முதல் நுனி வரை ஒரே அளவில் ஒலியைத் தாங்கும் வலு. இன்றைய செல்லோ வில் சுமார் 80 கிராம் எடையுள்ளது. அந்த எடை தண்டு முழுதும் பங்கிடப்பட்டிருப்பதுதான் அதன் சிறப்பு. பாரோக் வில்லில் நுனி மெலிந்து, தாழ்ந்து, எடையற்று இருக்கும், முடிப்பட்டை குறுகியது, தண்டு பெரும்பாலும் தென் அமெரிக்காவின் வடகரைக் காடுகளில் கிடைக்கும் பாம்புமரம். இந்த வில்லை அடியிலிருந்து நுனிக்கு இழுத்தால், கலைஞர் எதுவும் செய்யாமலேயே ஒலி தேய்ந்துகொண்டு போகும். நுனியிலிருந்து அடிக்குத் தள்ளினால் மெலிதாகப் பிறந்து வலுக்கும். ஆக இழுப்பும் தள்ளலும் சமமல்ல: ஒன்று வல்லொலி, மற்றது மெல்லொலி. தாளத்தின் வலிய அடிகளை இழுப்பில் தொடங்கவேண்டும் என்ற விதியை 1698இல் வெளியான தம் நடனத் தொகுதியின் முன்னுரையில் இசையமைப்பாளர் கியோர்க் முஃபாட் விரிவாக எழுதினார். பிரெஞ்சு அரசவையில் லுல்லியின் இசைக்குழு பின்பற்றிய ஒழுங்கு அது. தூர்த் வில்லில் அந்த விதி மனப்பாடம் செய்யவேண்டிய ஒன்று. பாரோக் வில்லில் அது கைக்குத் தானே வருவது.

ஒவ்வொரு சுரமும் கேட்டும் கேளாததுமான ஒரு மென்மையோடு தொடங்கவேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் இரைச்சல் என்ற கருத்தை லியோபோல்ட் மோட்சார்ட் 1756இல் வெளிவந்த வயலின் நூலில் வற்புறுத்துகிறார். வெளிவளைந்த வில்லை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தால் அதை அழகியல் அறிவுரை என்பதைவிடக் கருவியின் நடத்தையைப் பற்றிய நேரடிக் குறிப்பு என்றே கொள்ளத் தோன்றும். பிடிக்கும் முறையிலும் ஒருமை இருந்ததில்லை. மிஷெல் கொரெத் 1741இல் பாரிஸில் வெளியிட்ட செல்லோப் பாடநூல் வில்லைப் பிடிக்கும் மூன்று வழிகளைக் காட்டுகிறது. ‘வயல்’ என்ற வேறொரு வில்வாத்தியத்தின் கலைஞர்களைப் போல உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து வில்லைப் பிடித்த செல்லோ கலைஞர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வலிய அடி தள்ளலில் விழும், இழுப்பில் அல்ல. 1752இல் எழுதிய இசை நூலாசிரியர் குவான்ட்ஸ் இரு முறைகளையும் விவரித்து, வயலின் முறையே மேல் என்று தீர்ப்பளிக்கிறார். தீர்ப்பளிக்க வேண்டிய அளவுக்கு மற்றொன்றும் உயிரோடு இருந்திருக்கிறது. இன்று பாரோக் செல்லோ வகுப்புகளில் வயலின் முறையான மேற்பிடி மட்டுமே இயல்பானதாகக் கற்பிக்கப்படுவது, பழைய உலகத்தின் பன்மையை நாமே சுருக்கிக்கொண்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஊன்றுகம்பி பரவலானது 19ஆம் நூற்றாண்டில். பெல்ஜியக் கலைஞர் அத்ரியன்-பிரான்சுவா செர்வேயின் பெயரோடு அது இணைத்துப் பேசப்படுகிறது. கம்பி இல்லாதபோது நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, பாதங்களைத் திருப்பி, கெண்டைக்கால்களால் கருவியைத் தாங்கவேண்டும். கருவி சற்று நிமிர்ந்தும் தாழ்ந்தும் நிற்கும். இடது கை பலகையின் உச்சிக்குத் தாவுவது எளிதல்ல என்பதால் கீழ் நிலைகளில் தங்கி, தந்திவிட்டுத் தந்தி கடக்கும் விரலமைப்பு இயல்பாகிறது. திறந்த தந்திகளைத் தவிர்க்கும் வழக்கமும் தேவையற்றுப்போகிறது, ஏனெனில் விரல் வைத்த குடல் தந்திக்கும் திறந்த குடல் தந்திக்கும் உள்ள நிறவேறுபாடு எஃகில் உள்ள அளவுக்குத் துருத்தாது. அரைச்சுரத்துக்கு ஒரு விரல் என்று செல்லோவுக்கே உரிய விரலமைப்பை ஜான்-லூயி துப்போர் முறைப்படுத்தி நூலாக்கியது 1806இல்தான்.

விரல் அதிர்வு பற்றிய பொதுநம்பிக்கை ஒன்றைத் திருத்தவேண்டும். பாரோக் இசையில் அதிர்வே கிடையாது என்பது தவறு. நடுக்குவாதம் வந்தவர்போல ஒவ்வொரு சுரத்தையும் நடுக்குபவர்களை லியோபோல்ட் மோட்சார்ட் கண்டித்தார். ஆனால் அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் லண்டனில் எழுதிய வயலின் கலைஞர் ஜெமினியானி, அதை இயன்றபோதெல்லாம் பயன்படுத்தச் சொன்னார். கண்டனம் எழுந்ததே வழக்கம் இருந்ததால்தான். பெரும்பாலான நூல்கள் அதை ஓர் அணியாக, நீண்ட சுரத்தில் தேர்ந்து சேர்க்கும் அலங்காரமாகக் கருதின என்று சொல்வதே சரி.

இன்று பாரோக் குழுக்கள் பெரும்பாலும் ‘ஏ’ சுரத்தை 415 ஹெர்ட்ஸில் வைக்கின்றன. 1939இல் லண்டனில் நடந்த மாநாடு பரிந்துரைத்த 440க்கு இது சரியாக அரைச்சுரம் கீழே. வரலாற்றில் இப்படியொரு பொதுச்சுருதி இருந்ததில்லை. பிரெஞ்சு இசைநாடகங்கள் 392ஐ ஒட்டியும், வெனிஸ் 440ஐ ஒட்டியும், ஜெர்மன் தேவாலய ஆர்கன்கள் பல 465ஐ ஒட்டியும் ஒலித்தன. ஹார்ப்சிகார்டின் கட்டைவரிசையை ஒரு கட்டை நகர்த்தினால் 415இலிருந்து 440க்குப் போய்விடலாம் என்ற வசதிதான் 415ஐ நிலைக்கச்செய்தது. அதே தந்தியை 440இலிருந்து 415க்கு இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். செல்லோவின் அடித்தந்தி சுமார் 62 ஹெர்ட்ஸில் நிற்கும். பலகைகள் தளர்ந்து அதிர்வதால் கருவியின் குரல் அகன்று கேட்கிறது.

சுருதி சேர்ப்பதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அடித்தந்தியின் ‘சி’யிலிருந்து நான்கு தூய பஞ்சமங்கள் ஏறினால் கிடைக்கும் ‘ஈ’, அந்த ‘சி’க்குத் தூய அந்தர காந்தாரமாக அமையாது, அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஏறத்தாழ 22 பங்கு கூடிநிற்கும். ஹார்ப்சிகார்டின் காந்தாரங்கள் இனிக்கும்படி பழைய முறையில் சுருதி சேர்த்திருந்தால், செல்லோவும் தன் பஞ்சமங்களை இம்மியளவு குறுக்கிக்கொள்ளவேண்டும்.

தொடர்மந்தரம் என்ற துணைவாசிப்பே அக்காலச் செல்லோ கலைஞரின் அன்றாட வேலை. ஹார்ப்சிகார்டின் இடதுகை வரியை அவரும் வாசிப்பார். ஆனால் இசையமைப்பாளர் கொரெல்லி 1700இல் வெளியிட்ட ஐந்தாம் தொகுதியின் தலைப்பு, வயலினுக்குத் துணையாக ‘வயலோனே அல்லது சிம்பாலோ’ (மந்தரத் தந்திக்கருவி அல்லது ஹார்ப்சிகார்டு) என்றே கேட்கிறது. ஹார்ப்சிகார்டு இல்லாமல் மந்தரத் தந்திக்கருவி மட்டுமே, தேவையான இடங்களில் தானே ஒத்திசைவுகளையும் சேர்த்துத் துணைநின்றிருக்கலாம் என்று இதைக்கொண்டு வாதிட்டவர் செல்லோ கலைஞர் டேவிட் வாட்கின்.

பாக்கின் தொகுப்புகளுக்கு வந்தால், கருவியைப் பற்றிய கேள்விகள் எல்லாம் ஏட்டைப் பற்றிய கேள்விகளாகின்றன. கேத்தன் அரசவையில் அவர் பணியாற்றிய 1717–1723 காலத்தில், 1720ஐ ஒட்டி, இவை எழுதப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. அவர் கையெழுத்துப்படி கிடைக்கவில்லை. 1726இல் யோகான் பீட்டர் கெல்னர் எடுத்த படி, சில ஆண்டுகளுக்குள் பாக்கின் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த படி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர் தெரியாதோர் எடுத்த இரு படிகள் ஆகிய நான்கும்தான் ஆதாரம். அச்சேறியது 1824இல், பாரிஸில். சுரங்களில் இவை பெரிதும் ஒத்துப்போகின்றன. எந்தச் சுரங்கள் ஒரே வில்வீச்சில் சேரவேண்டும் என்று காட்டும் வளைகோடுகளில் ஒத்துப்போவதில்லை. அன்னா மக்தலேனாவின் வளைகோடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதே பல இடங்களில் ஐயம். முதல் தொகுப்பின் தொடக்கப் பகுதியில், ஒரே உருவம் அடுத்தடுத்து வரும்போதுகூட அவை ஒரே மாதிரி விழவில்லை.

பதிப்பாசிரியர்கள் நெடுங்காலம் இவற்றை ஒழுங்குபடுத்தி, எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்தார்கள். டச்சுக் கலைஞர் அன்னர் பில்ஸ்மா 1998இல் வெளியிட்ட ‘வாள்வித்தை ஆசான் பாக்’ என்ற நூலில் எதிர்த்திசையில் சென்றார்: அந்த வளைகோடுகளை எழுதியபடியே வாசித்துப் பாருங்கள், ஒழுங்கின்மையிலேயே ஒரு பேச்சு இருக்கிறது என்பது அவர் நிலை. தூர்த் வில்லில் இது விசித்திரமாகத் தோன்றும். இழுப்பும் தள்ளலும் தாமாகவே வேறுபட்டு ஒலிக்கும் பாரோக் வில்லில், வலிய அடி தள்ளலில் விழுவதும், அடுத்த முறை இழுப்பில் விழுவதும் நிறங்களை மாற்றித் தருகின்றன. எல்லா வளைகோடுகளையும் இப்படி நியாயப்படுத்த முடியாது. அவசரமாகப் படியெடுத்தவரின் கை சில இடங்களில் வெளிப்படையாகவே தெரிகிறது. ஆனால் கேள்வியை ஏட்டிலிருந்து வில்லுக்குக் கொண்டுவந்தது பில்ஸ்மாவின் பெரும்பங்களிப்பு.

ஒரே வரியில் பல குரல்களைக் கேட்கவைப்பது இந்தத் தொகுப்புகளின் உயிர்நாடி. ஒரு மந்தரச் சுரத்தைத் தொட்டுவிட்டு வரி மேலே தாவும். காது அந்த மந்தரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மேல்வரியை அதன்மேல் அமர்த்திக் கேட்கும். மந்தரச் சுரம் மலர்ந்து தேய்ந்தால் இது எளிது. கடைசிவரை ஒரே வலுவில் நின்றால் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதும். இலேசான வில்லும் குடல் தந்தியும் அந்தத் தேய்மானத்தை இயல்பாகவே தருகின்றன. அல்லமான்ட், கூரான்ட், சரபான்ட், ஜீக் என வரும் நடனங்களுக்கும் இதுவே பொருந்தும். சரபான்டில் இரண்டாம் அடியின் பாரம், ஜீக்கின் துள்ளல் ஆகியவை சுரங்களுக்கு இடையே விடும் சிறு இடைவெளிகளால் உருவாகின்றன.

ஐந்தாம் தொகுப்பில் மேல்தந்தியை ‘ஏ’யிலிருந்து ‘ஜி’க்கு இறக்கச் சொல்கிறார் பாக். போலோனியாவில் கப்ரியெல்லி வைத்திருந்த அதே சுருதியமைப்பு இது. இரு ‘ஜி’ தந்திகள் ஸ்தாயி இடைவெளியில் ஒன்றுக்கொன்று ஒத்ததிர்ந்து, ‘சி மைனர்’ முழுவதையும் இருட்டாக்குகின்றன. ஒத்திசைவே இல்லாத ஒற்றை வரியாக நகரும் அதன் சரபான்டில் இந்த இருட்டு நன்றாகக் கேட்கிறது. வழக்கமான சுருதியில் வாசித்தால் விரலுக்கு எட்டாத சில ஒத்திசைவுகளைக் கைவிட நேர்கிறது.

ஆறாம் தொகுப்பு ஐந்து தந்திகளுக்கு எழுதப்பட்டது. ‘ஏ’க்கு மேல் ஒரு ‘ஈ’. நான்கு தந்திச் செல்லோவில் இதை வாசிக்க, கட்டைவிரலைப் பலகையின் மேலேயே ஊன்றி உச்சி நிலைகளில் ஏறவேண்டியிருக்கிறது. பெருமுயற்சி கேட்கும் படைப்பு என்ற புகழ் அதனால் வந்தது. ஐந்து தந்திகளில் அதே ஒத்திசைவுகள் கீழ்நிலைகளிலேயே கைக்குள் விழுகின்றன, இசை மலர்ச்சியோடு ஓடுகிறது. அது எந்தக் கருவி என்பதில்தான் சிக்கல். லைப்சிக்கில் 1724–1726இல் எழுதிய சில கான்டாட்டாக்களில் பாக் ‘வயலோன்செல்லோ பிக்கொலோ’வைக் கேட்கிறார். மார்பில் வாரால் கட்டித் தோளோரம் வைத்து வாசிக்கும் கருவியைப் பற்றி 1713இலேயே இசை எழுத்தாளர் மத்தேசன் எழுதியிருக்கிறார். இதைக் கொண்டு, தொகுப்புகள் அப்படிப்பட்ட தோட்செல்லோவுக்கே உரியவை என்று வயலின் கலைஞர் சிகிஸ்வால்ட் குய்க்கனும் கருவி செய்பவரான திமித்ரி பாதியாரொவும் 2000களில் வாதிட்டு, அந்தக் கருவியை மீண்டும் மேடையேற்றினார்கள். ஆறாம் தொகுப்புக்கு அந்த வாதம் கவர்ச்சியானது. ஆறுக்கும் அதை நீட்டுவதற்குச் சான்று போதவில்லை.

இந்தத் தொகுப்புகளை உலக மேடைக்குக் கொண்டுவந்தவர் செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸ். 1890இல் பார்சிலோனாவின் பழைய இசைநூல் கடை ஒன்றில் 13 வயதில் இவற்றைக் கண்டெடுத்த அவர், 1936க்கும் 1939க்கும் இடையே முழுமையாக ஒலிப்பதிவு செய்தார். அவர் கையில் இருந்தது நவீன அமைப்புச் செல்லோ. பழைய அமைப்பின் மீட்சி வேறு வழியாக வந்தது. ஆர்னால்ட் தோல்மெட்ச் 1915இல் பழைய இசையின் வாசிப்புமுறை பற்றி நூல் எழுதினார். 1933இல் பாசலில் ‘ஸ்கோலா கான்டோரும்’ என்ற பழைய இசைக்கான பள்ளி தொடங்கப்பட்டது. வியன்னாவில் செல்லோ கலைஞராயிருந்த நிகோலவுஸ் ஹார்னன்கோர்ட் 1953இல் கான்சென்டுஸ் மூசிக்குஸ் குழுவை நிறுவினார். பாரோக் செல்லோவில் பில்ஸ்மா 1979இல் செய்த ஒலிப்பதிவு ஒரு தலைமுறையின் காதைத் திருத்தியது.

இந்த மீட்சிக்கு வலுவான எதிர்ப்பை எழுப்பியவர் இசையியலாளர் ரிச்சர்ட் தாருஸ்கின். 1995இல் நூலாகத் தொகுக்கப்பட்ட கட்டுரைகளில், வரலாற்று உண்மை என்று சொல்லப்படுவது உண்மையில் இருபதாம் நூற்றாண்டின் ரசனை, இலேசு, வேகம், உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகிய நவீன விருப்பங்களுக்குப் பழைய ஆடை அணிவித்திருக்கிறார்கள் என்றார் அவர். 415 சுருதியும், எல்லோருக்கும் ஒரே மேற்பிடியும், அளந்து வைத்த ஒரே வகை வில்லும் அவர் சொன்னதை உறுதிசெய்கின்றன. ஆயினும் குடல் தந்தி எஃகைப்போல் ஒலிக்க மறுப்பது யாருடைய ரசனையையும் சார்ந்ததல்ல. வரலாற்று வாதங்கள் தளரும் இடத்திலும் கருவியின் எதிர்ப்பு தளராது; கலைஞருக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் உண்மையானது.

நவீன அமைப்பு, பழைய அமைப்பு என்ற இரு முகாம்களுக்கும் இடையிலான வேலி இப்போது தாழ்ந்துவிட்டது. செல்லோ கலைஞர் ஸ்டீவன் இசர்லிஸ் நவீன அமைப்புச் செல்லோவில் குடல் தந்தி பூட்டியே எல்லாக் காலத்து இசையையும் வாசிக்கிறார். டோன் கோப்மனின் குழுவோடு செய்து 1999இல் வெளிவந்த ஒலிப்பதிவுக்காக யோ-யோ மா தம் ‘தவிதோவ்’ ஸ்த்ராடிவாரியை ஊன்றுகம்பி நீக்கி, குடல் தந்தியும் பாரோக் குதிரையும் பொருத்தி மாற்றிக்கொண்டு, பாரோக் வில்லால் வாசித்தார். பின்னர் கருவி பழையபடி நவீன அமைப்புக்குத் திரும்பியது. தனியாகப் பாரோக் செல்லோ வாங்க முடியாத மாணவர்கள் தங்கள் செல்லோவின் மேலிரண்டு தந்திகளைக் குடலுக்கு மாற்றி, ஒரு பாரோக் வில்லை மட்டும் வாங்கித் தொடங்குகிறார்கள். கழுத்தின் சாய்வும் உட்சட்டத்தின் தடிமனும் அப்படியே இருந்தாலும், உச்சரிப்பின் பெரும்பகுதி வில்லில் இருப்பதால் இந்தத் தொடக்கம் பொருத்தமானதே.